கௌரி யாரிடம் முனகியது

கால்நடை டாக்டராக ஓசூர்ப் பக்கம் போஸ்டிங் கிடைத்த உங்களுக்கு வரப்போகும் முதல் அறிவுரை எனக்குத் தெரியும். "மாடு சாப்பிடலையா? ரொம்ப யோசிக்காதே, கம்பிதான்." எனக்கும் அதையேதான் சொன்னார்கள். நான் அதை நம்பினேன், அதனால் பேரும் வாங்கினேன், அதனாலேயே அடியும் வாங்கினேன். போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டதால் இப்போது எதையும் மறைக்காமல் சொல்லலாம் என்று தோன்றுகிறது. மருந்தும் அளவும் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. அதில் இல்லாத ஒரு மாட்டைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

கம்பி என்பது பொய்யில்லை. இந்தப் பக்கம் திரும்பிய இடமெல்லாம் லேத் பட்டறை, எழும்பிக்கொண்டே இருக்கும் கட்டடம். ரோட்டோரப் புல்லில் ஆணியும் கட்டுக்கம்பியும் இரும்புச் சுருளும் கலந்து கிடக்கும். மாடு புல்லை நாக்கால் சுருட்டி இழுத்து அப்படியே விழுங்கிவிடும், பொறுக்கித் தின்னாது. விழுங்கிய கம்பி இரைப்பையின் முன்னறையில் போய் உட்காரும். அந்த அறைக்கும் இதயத்துக்கும் நடுவில் இருப்பது மெல்லிய தடுப்பு. கம்பி அதைத் தாண்டிவிட்டால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

நான் விருதுநகர்க்காரி. தெலுங்கும் தெரியாது, கன்னடமும் தெரியாது. வந்த புதிதில் ஒரே மாதத்தில் மூன்று மாடுகளின் வயிற்றைத் திறந்து கம்பி எடுத்துப் பிழைக்க வைத்தேன். 'பொம்பள டாக்டரா?' என்று இழுத்தவர்களெல்லாம் அப்புறம் 'கம்பி டாக்டரம்மா' என்று கும்பிட்டார்கள். எடுத்த கம்பிகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மேஜைமேல் வைத்துக்கொண்டேன். தலைக்கனம் என்றால் சாதாரணத் தலைக்கனம் இல்லை. ஒரு கம்பெனி வாசல் செக்யூரிட்டியிடம், ஆட்களைச் சோதிக்கும், இரும்பு பட்டால் கத்தும் அந்தக் கைக் கருவியை இரவல் வாங்கி மாட்டு நெஞ்சில் வைத்துப் பார்க்கும் அளவுக்கு ஏறிப் போயிருந்தது. அது கத்தினால் கத்தியை எடுத்துவிடுவேன்.

சூளகிரி தாண்டி உள்ளே ஒரு ஊரில் முனியம்மா என்றொரு பெண்மணி இருந்தார். வீட்டில் பேசுவது தெலுங்கு, என்னிடம் தமிழ். அவர் வீட்டுச் செவலைப் பசு நான்கு நாளாகத் தீனி எடுக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். கருவியை வைத்தேன், கத்தியது. திறந்தேன். உள்ளே நாலைந்து ஆணித் துண்டுகள் கிடந்தன. ஊரே எட்டிப் பார்த்தது. முனியம்மா எவர்சில்வர் தட்டு கொண்டுவந்தார். துண்டுகளை அதில் ஒவ்வொன்றாகப் போட்டேன், சத்தம் கேட்கும்படி.

அவை எதுவும் குத்தியிருக்கவில்லை. சும்மா அடியில் கிடந்தவை. இந்தப் பக்கத்து மாடு எதன்மேல் வைத்தாலும் அந்தக் கருவி கத்தும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. தையல் நன்றாகத்தான் ஆறிக்கொண்டு வந்தது. ஆனால் செவலை வாயைத் திறக்கவே இல்லை. ஒன்பதாம் நாள் செத்துப் போனது.

நான் போய் நின்றபோது முனியம்மா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தொழுவத்தில் இன்னொரு முளைக்குச்சி காலியாக இருப்பதைப் பார்த்து, "இங்க என்ன கட்டியிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"வெள்ளச்சி. இதோட ஜோடி. ரெண்டும் ஒன்னாவே வளந்ததுங்க. ரெண்டு வாரத்துக்கு முந்தி எங்க வீட்டுக்காரரு சந்தைக்கு ஓட்டிக்கினு போயி வித்துட்டாரு. அன்னிலருந்து இது தீனி எடுக்கல. வாசலயே பாத்துக்குனு நின்னுது."

"இத ஏம்மா எங்கிட்ட மொதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலயே, மேடம்."

அந்தப் பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. எத்தனை லிட்டர் கறக்கும், எத்தனையாவது ஈத்து, சாணி எப்படி என்று எல்லாம் கேட்டிருந்தேன். அந்த மாடு யாரோடு வாழ்ந்தது என்று மட்டும் கேட்கவில்லை. துக்கத்தால் செத்தது என்று நான் சான்றிதழ் எழுத மாட்டேன். ஏற்கெனவே நொந்து போய்ப் பட்டினி கிடந்த உடம்பில் தேவையில்லாமல் கத்தி வைத்தேன், அது தாங்கவில்லை. தப்பு என்னுடையது. அன்று சாயங்காலம் அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

அதன்பிறகு ஆளே மாறிவிட்டேன். எந்தத் தொழுவத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, 'இதுக்கு யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது?' சிரித்தார்கள், ஆனால் சொன்னார்கள். சொல்லச் சொல்ல எனக்கு வேறொரு உலகமே திறந்தது. தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஒரு எருமை, தாழ்ப்பாளை நாக்கால் தள்ளித் திறக்கக் கற்றுக்கொண்டிருந்தது. அதுகூடப் பெரிதில்லை. வெளியே வந்ததும் நேராகப் போய்ப் பக்கத்துக் கொட்டகையில் இருக்கும் தன் சிநேகிதியின் தாழ்ப்பாளையும் திறந்துவிடும், நடுவில் இருக்கும் சண்டைக்கார எருமையைத் திறக்காது. பர்கூரில் ஒரு கிரானைட் பட்டறைக் காவல் நாய், வாட்ச்மேன் வேலையை விட்டுப் போனதும் படுத்த படுக்கையானது. ஊசி எதுவும் போடவில்லை. அவருடைய பழைய காக்கிச் சட்டையை வாங்கிவரச் சொல்லி அதன் பக்கத்தில் போட்டேன், மறுநாள் எழுந்து சோறு தின்றது. இப்படி ஒன்று, இரண்டு, பத்து என்று சேரச் சேர, 'கம்பி டாக்டரம்மா' போய் 'மனசு டாக்டரம்மா' ஆனேன். கூட்டம் போட்டால் போதும், மாட்டுக்கு மனசு உண்டு என்று ஆரம்பித்துவிடுவேன்.

கவனித்தீர்களா? பாட்டில்தான் போனது, தலைக்கனம் அப்படியே இருந்தது.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு முனியம்மா வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. இடைப்பட்ட வருஷங்களில் அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. தனியார் டாக்டர் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த டாக்டர் ஊரில் இல்லாததால் வேறு வழியில்லாமல்தான் என்னைக் கூப்பிட்டார், அதை முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தார்.

மாட்டின் பெயர் கௌரி. ஐந்து மாதச் சினை. பிறந்த அன்றே தாயை இழந்த கன்று அது. முனியம்மாவின் மகள் ரத்னா புட்டியில் பால் ஊட்டி வளர்த்தது. ரத்னாவைத் தவிர யார் உட்கார்ந்தாலும் பாலை அடக்கிக்கொள்ளும். அந்த ரத்னாவுக்கு ஓசூரில் செல்போன் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்து, ஹாஸ்டலுக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. போன முதல் நாளே கௌரியின் பால் குறைந்தது. இப்போது நான்கு நாளாகத் தீனியே இல்லை.

எனக்கு வேறென்ன வேண்டும்? கதை கையில் கிடைத்துவிட்டது. கடமைக்குச் சோதனை செய்தேன். காய்ச்சல் பெரிதாக இல்லை. முன்னங்காலுக்கு மேலே முதுகுத் தோலைப் பிடித்து அழுத்திக் கிள்ளினேன். உள்ளே கம்பி குத்தியிருக்கும் மாடு அப்போது முனகும். கௌரி கல்லு மாதிரி நின்றது, ஒரு சத்தம் இல்லை. "இது ஏக்கம்தான்மா. பொண்ணு போனதை இது ஏத்துக்கல," என்றேன். முனியம்மா தலையாட்டினார். செவலை விஷயத்தில் அவர் சொன்னதை நான் கடைசியில் புரிந்துகொண்டேன் என்ற திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கும் உள்ளூர ஒரு பெருமை.

"ரத்னா குரலக் கேட்டா தீனி எடுக்கும், பாருங்க," என்று சவடாலாகச் சொன்னேன். கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம். அதுவரை காத்திருந்தோம். அக்கம்பக்கத்தினர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். போன் வந்தது. தொழுவம் மேட்டில் இருக்கிறது, அதிலிருந்து வாசலுக்கு இறங்க ஒரு சரிவு. கௌரியை அவிழ்த்துவிட்டு, சரிவுக்குக் கீழே நின்றுகொண்டு முனியம்மா ஸ்பீக்கரைப் போட்டுப் போனை உயர்த்திப் பிடித்தார்.

"கௌரி, ரா தல்லி, ரா," என்றது ரத்னாவின் குரல். வா தாயி, வா என்று அர்த்தம். இந்த அளவுக்குத் தெலுங்கு எனக்கும் வந்திருந்தது.

இரண்டு காதும் விறைத்து நின்றன. கௌரி தொண்டையிலிருந்து நீளமாக ஒரு குரல் கொடுத்தது. நான்கு நாளாக அசையாமல் நின்ற மாடு விறுவிறுவென்று நடந்து சரிவின் விளிம்புக்கு வந்தது. கூட்டம் கைதட்டியது. முனியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் கிட்டத்தட்ட அழுதுவிட்டேன்.

அப்போதுதான் அது நடந்தது. கௌரி ஒரு முன்னங்காலைச் சரிவில் வைத்தது. 'ம்ம்' என்று ஒரு முனகல். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. ரத்னா மறுபடி கூப்பிட்டாள். மறுபடி காலை வைத்தது, மறுபடி முனகல், மறுபடி பின்வாங்கியது. மூன்றாவது தடவை உடம்பையே பக்கவாட்டில் திருப்பி, எப்படியாவது இறங்க வழி தேடியது. கண் மட்டும் போனை விட்டு நகரவில்லை.

கைதட்டல் ஓயவில்லை. நான் அதன் காலையே பார்த்தேன். ஏக்கம் மட்டும் என்றால் அந்தக் குரலைக் கேட்டதும் சரிவில் ஓடி வந்திருக்க வேண்டும். இதற்கு மனசு முழுசாக இருக்கிறது, வரவேண்டும் என்று துடிக்கிறது. இறங்கும்போது வயிற்றின் பாரமெல்லாம் முன்னால் சாய்கிறது, அங்கே ஏதோ குத்துகிறது. நான் கிள்ளியபோது ஏன் முனகவில்லை? நான் அன்னியம். டிங்சர் வாசனையோடு வந்து நிற்கும் ஆள். பயந்த மாடு முன்பின் தெரியாதவர் எதிரில் வலியைக் காட்டாது. காட்டில் வலியைக் காட்டிய மாட்டைத்தான் புலி முதலில் தேர்ந்தெடுக்கும். தன் ஆளின் குரல் கேட்ட பிறகுதான் கௌரி முனகியது.

வலியைக் காட்டுவதற்கு நம்பிக்கை வேண்டும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

இடைவேளை முடியப் பத்து நிமிஷம் இருந்தது. போனை வாங்கினேன். "ரத்னா, நான் டாக்டர் பேசறேன். நீ வீட்ல இருக்கும்போது கௌரிக்குப் புல்லு எப்படிப் போடுவ?"

"ஒதறி ஒதறித்தான் மேடம் போடுவன். கைய விட்டுத் தடவிப் பாத்துட்டுத்தான். செவல மாட்டுக் கதைய எங்கம்மா சொல்லிக்கினே இருப்பாங்க. ஏன் மேடம்?"

நான் முனியம்மாவைப் பார்த்தேன். அவர் முகம் மாறியது. "அவ போனப்புறம் யாரு ஒதர்றது மேடம்? அந்தப் புது லேஅவுட்டுப் பக்கம் அறுத்துக்குனு வர்றத அப்படியே போட்டுட்டோம்."

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். காலையில்தான் ஏக்கம் என்று அடித்துச் சொன்னவள். இதே வாசலில் இதே கையால் ஒரு மாட்டைத் தேவையில்லாமல் அறுத்தவள். "அம்மா, நான் முதல்ல சொன்னது தப்பு. உள்ள கம்பி இருக்கு. இன்னிக்கே எடுக்கணும். நாளைக்குன்னா அது நெஞ்சுக்குப் போயிடும்."

முனியம்மா என்னை நேராகப் பார்த்தார். "ஒன்னு ஏற்கனவே உங்க கையில போச்சு, மேடம். இது எம் பொண்ணு வளத்தது. வயித்துல கன்னு வேற. கத்தி வெக்க உட மாட்டன்."

அவர் சொன்னதில் என்ன தவறு? அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். எனக்கே முழு நிச்சயம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. நான் நினைப்பது தவறாக இருந்தால் ஒரே வீட்டில் இரண்டாவது மாடு என் கத்தியால் சாகும். பேசாமல் இரண்டு ஊசி போட்டுவிட்டு வந்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், கௌரி தானாகவே செத்திருக்கும். இப்படிப்பட்ட வேளை உங்களுக்கும் வரும். அப்போது உங்கள் பேரைக் காப்பாற்றுவதா, மாட்டைக் காப்பாற்றுவதா என்பதுதான் கேள்வி, வேறெதுவும் இல்லை.

"அன்னிக்கு நான் கேக்காம அறுத்தேன். தப்பு என்னோடதுதான்," என்றேன். "இன்னிக்கு உங்கள, உங்க பொண்ண, இந்த மாட்ட மூணு பேரையும் கேட்டுட்டுத்தான் சொல்றேன்."

போன் இன்னும் ஸ்பீக்கரிலேயே இருந்தது. அதிலிருந்து ரத்னா பேசினாள். "அம்மா, நான் வர்றன். நான் வந்து கௌரியப் புடிச்சுக்கறன். அது எங்கிட்ட மறைக்காது. நான் வர்ற வரிக்கும் யாரும் அதத் தொடாதீங்க."

சூப்பர்வைசரிடம் என்ன சொல்லி லீவு வாங்கினாளோ தெரியாது. ஒன்றரை மணி நேரத்தில் கம்பெனி நீலக் கோட்டோடும் கழுத்தில் அடையாள அட்டையோடும் யாருடைய ஸ்கூட்டரிலோ வந்து இறங்கினாள். சரிவில் ஏறி ஓடிப்போய்க் கௌரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அது அவள் கோட்டை முகர்ந்தது, அட்டையை நக்கியது, தலையை அவள் தோள்மேல் சாய்த்தது.

"இப்ப கிள்ளிப் பாக்கறேன். முனகலைன்னா நான் பையைத் தூக்கிட்டுப் போயிடறேன்," என்றேன் முனியம்மாவிடம். காலையில் கிள்ளிய அதே இடத்தில், அதே மாதிரி கிள்ளினேன். கௌரி ரத்னாவின் தோளில் முகத்தை வைத்தபடியே நீளமாக முனகியது. கூடியிருந்த எல்லோருக்கும் கேட்டது. முனியம்மா உள்ளே போய் வெந்நீர் வைத்தார்.

நின்றபடியே செய்யும் அறுவை அது. மரத்துப்போக ஊசி உண்டு, ஆனாலும் நாலு பேர் பிடித்துக் கயிறு கட்டித்தான் வழக்கம். அன்று கயிறே தேவைப்படவில்லை. ரத்னா அதன் காதோரம் தெலுங்கில் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தாள். அசெம்பிளி லைன், ஹாஸ்டல் சாம்பார், கூட இருக்கும் பெண்கள் என்று மூன்று வாரக் கதை. நடுநடுவே கௌரியின் காது ஆடியது. நான் தோள் வரைக்கும் கையை விட்டு முன்னறைச் சுவரைத் தடவினேன். முதல் தடவை ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவையும் இல்லை. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்க ஆள் இல்லை. செவலை நினைவுக்கு வந்தது. மூன்றாவது தடவை, நெஞ்சுப் பக்கத்துச் சுவரில், விரல் நுனியில் ஊசி குத்தினாற்போல் பட்டது.

கட்டுக்கம்பி. என் சுண்டுவிரல் நீளம். முக்கால்வாசி சுவருக்குள் ஏறி, இதயத்தைப் பார்த்து நின்றது. மெதுவாகப் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. வெளியே எடுத்து நிமிர்ந்தபோது, "கெடச்சுது!" என்று நான் கத்திய கத்தலில் வேலிமேல் இருந்த கோழிகளெல்லாம் பறந்தன. சர்வீஸில் அப்படிக் கத்தியது அது ஒரு தடவைதான்.

தையல் போட்டு முடித்ததும் முனியம்மா தட்டை நீட்டினார். அதே எவர்சில்வர் தட்டு. இந்தத் தடவை நான் சத்தம் வராமல் வைத்தேன். அந்தக் கம்பியை அவர் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாக அப்புறம் கேள்விப்பட்டேன்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? கம்பி என்று பார்ப்பவர் கம்பியையே பார்ப்பார், மனசு என்று பார்ப்பவர் மனசையே பார்ப்பார். நான் இரண்டையும் செய்து பார்த்தவள். கௌரிக்கு ஏக்கமும் இருந்தது, கம்பியும் இருந்தது. ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்று ஆகிவிடாது. மாட்டுக்கு மனசு உண்டு என்று தெரிந்துகொண்டதோடு நான் நின்றிருந்தால் அது செத்திருக்கும். அந்த மனசு யாரை நம்புகிறது என்று தேடிப் போனதால்தான் பிழைத்தது. நீங்கள் கேட்கும்போது மாடு பதில் சொல்லவில்லை என்றால், அது யாரிடம் சொல்லும் என்று பாருங்கள். அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவரை நிற்க வைத்துவிட்டு நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.

ஆறாம் நாள் ரத்னாவுக்கு வார விடுமுறை. தையலைப் பார்க்க நானும் போயிருந்தேன். கௌரி மேட்டில் வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. பஸ்ஸில் வந்த ரத்னா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள், இன்னும் வாயைத் திறக்கவில்லை. கௌரி தலையைத் தூக்கியது. வைக்கோல் வாயில் தொங்கத் தொங்க, சரிவில் ஒரு தடவைகூட நிற்காமல், கடகடவென்று இறங்கி வந்து அவள் முன்னால் நின்றது. முனியம்மா சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "உக்காருங்க மேடம். அந்தக் கருப்புக் கெடேரி ரெண்டு நாளா ஒரு மாதிரியா இருக்குது. அதப் பத்தி நெறய சொல்லணும். நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறன்."

நான் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.